இயற்பியலா? பொறியியலா? – ஹோமி பாபா வாழ்ந்து காட்டிய பதில்

  

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் நம்ம வள்ளியூர்ப் பக்கம் தவறாமல் ஒரு பேச்சு நடக்கும். டீக்கடை பெஞ்சு, பஸ் ஸ்டாண்டு, முருகன் கோயில் வாசல், கல்யாண வீட்டுப் பந்தல் என்று எங்கே நாலு பேர் கூடினாலும் அதே பேச்சுதான். பையனை என்ன படிக்க வைக்கப் போகிறீர்கள்? கணக்கும் பிசிக்ஸும் நல்லா வருகிற பிள்ளை இருக்கும் வீடு என்றால் கேள்வி இன்னும் கூர்மையாகிவிடும். பி.இ.யா, பி.எஸ்ஸி. பிசிக்ஸா? பி.இ. என்றால் முடித்ததும் ஒரு வேலை என்கிற நம்பிக்கை. பிசிக்ஸ் என்றால் அப்புறம் எம்.எஸ்ஸி., அப்புறம் பி.எட்., அதுக்கும் அப்புறம் என்ன என்று இழுத்துக்கொண்டே போகிற பயம். வயலை ஒத்திக்கு வைத்தும் நகையை அடகு வைத்தும் ஃபீஸ் கட்டுகிற தகப்பனுக்கு அந்தப் பயம் வருவதில் தப்பே இல்லை.

இதே கேள்வி 1928-ஆம் ஆண்டு பம்பாயில் ஒரு வசதியான வீட்டிலும் எழுந்தது. மகன் ஒன்று கேட்டான். அப்பா வேறொன்று நினைத்திருந்தார். அந்த வீட்டில் அந்தக் கேள்வி தீர்ந்த விதத்தை நம் மாணவர்களும் பெற்றோர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை. அந்த மகன்தான் இந்திய அணுசக்தித் துறையின் தந்தை என்று போற்றப்படும் டாக்டர் ஹோமி ஜஹாங்கிர் பாபா.

பம்பாய்க்காரருக்கும் வள்ளியூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நம்ம ஊரிலிருந்து தெற்கே போனால் கூடங்குளம் அணுமின் நிலையம். தென்மேற்கே திரும்பினால் ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கிற மகேந்திரகிரி. இரண்டுக்கும் வேர் தேடிப் போனால் இந்த மனிதரிடம்தான் போய் நிற்போம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஜாம்ஷெட்பூருக்கு என்று வளர்ந்த பிள்ளை

ஹோமி பாபா 1909 அக்டோபர் 30 அன்று பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஜஹாங்கிர் ஹோர்முஸ்ஜி பாபா வழக்கறிஞர், இங்கிலாந்தில் படித்தவர். தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் கல்வித்துறைத் தலைவராக இருந்தவர். அத்தையைக் கட்டிக்கொடுத்த இடமோ டாடா குடும்பம். ஜாம்ஷெட்ஜி டாடாவின் மூத்த மகன் தோராப்ஜி டாடாதான் அத்தையின் கணவர். 1907-ல் தொடங்கப்பட்ட டாடா இரும்பு எஃகு நிறுவனம் அப்போது நாட்டுக்கே பெருமையாக இருந்தது.

ஆகவே ஹோமியின் எதிர்காலத்தை வீட்டுப் பெரியவர்கள் முன்பே வரைந்து வைத்துவிட்டார்கள். கேம்பிரிட்ஜுக்குப் போக வேண்டும். இன்ஜினியரிங் படிக்க வேண்டும். திரும்பி வந்து ஜாம்ஷெட்பூரில் பெரிய பொறுப்பில் உட்கார வேண்டும். படித்து முடிக்கும் முன்னாலேயே வேலை தயார்! இந்தக் காலத்து கேம்பஸ் இன்டர்வியூ எல்லாம் இதற்குப் பக்கத்தில் வருமா?

பையனும் லேசுப்பட்டவன் இல்லை. கதீட்ரல் அண்டு ஜான் கானன் பள்ளியில் படித்தான். வீட்டில் நல்ல நூலகம், மேற்கத்திய இசைத் தட்டுகள், ஓவியப் பயிற்சி எல்லாம் இருந்தன. எல்ஃபின்ஸ்டன் கல்லூரியிலும் ராயல் இன்ஸ்டிடியூட் ஆஃப் சயின்ஸிலும் படித்துவிட்டு 1927-ல் கேம்பிரிட்ஜின் கான்வில் அண்டு கீஸ் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் மாணவனாகச் சேர்ந்தான்.

அப்பாவுக்குப் போன கடிதம்

கேம்பிரிட்ஜில் அது என்ன காலம் தெரியுமா? அணுவுக்குள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வாரம் ஒரு புதுப் பதில் வந்துகொண்டிருந்த காலம். கேவன்டிஷ் ஆய்வுக்கூடத்தில் ரூதர்ஃபோர்டு இருந்தார். எலக்ட்ரானின் நடத்தையைச் சொல்லும் புகழ்பெற்ற சமன்பாட்டை பால் டிராக் வெளியிட்டது 1928-ல். இவ்வளவும் கூப்பிடு தூரத்தில் நடக்கும்போது ஹோமிக்கு இயந்திர வரைபடத்தில் மனம் ஒட்டவில்லை.

1928 ஆகஸ்டில், இன்னும் பத்தொன்பது வயதுகூட நிரம்பாத அந்தப் பிள்ளை அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினான். பிசிக்ஸ்தான் என் வழி, அதில்தான் என்னால் பெரிதாக எதையாவது செய்ய முடியும் என்பது கடிதத்தின் சாரம். பெரிய கம்பெனிக்குத் தலைவனாக வேண்டும் என்ற ஆசை தனக்கு இல்லை, அதை விரும்புகிறவர்கள் அதைச் செய்யட்டும், அவரவர் இயல்புக்கு மாறான வேலையை அது உயர்ந்த வேலை என்பதற்காகவே ஒருவர் தலையில் கட்டக் கூடாது என்று வாதாடினான். கடைசியில் கெஞ்சியே கேட்டுக்கொண்டான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்ஜினியரிங் கஷ்டமாக இருக்கிறது, அரியர் விழுகிறது, ஆகவே மாற்றிக்கொள்கிறேன் என்று அவன் எழுதவில்லை. இன்ஜினியரிங் மட்டம் என்றும் எழுதவில்லை. தன் இயல்பு எது என்பதைத்தான் எழுதினான்.

அந்த அப்பா செய்த காரியம்

இந்த இடத்தில் நம்ம வீடுகளில் என்ன நடக்கும்? ஒன்று, போனை வைலே, ஒழுங்கா படிச்சு முடிக்கிற வழியப் பாரு என்று சத்தம் போட்டு முடித்துவிடுவோம். இல்லை, பிள்ளை அழுகிறானே என்று அந்த வாரமே டி.சி. வாங்கப் போய் நிற்போம்.

ஜஹாங்கிர் பாபா இரண்டையும் செய்யவில்லை. ஒரு நிபந்தனை விதித்தார். எடுத்த படிப்பை முடி. அதிலும் முதல் வகுப்பில் முடி. அப்படி முடித்தால் கேம்பிரிட்ஜிலேயே மேலும் இரண்டு வருஷம் தங்கிக் கணிதம் படிக்கச் செலவு நான் தருகிறேன். இதுதான் ஒப்பந்தம்.

ரொம்பச் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். மகன் சொல்வது வெறும் ஆசையா, உண்மையான தாகமா என்று சோதிக்க இதைவிட நல்ல வழி உண்டா? பிடிக்காத படிப்பைக்கூட முதல் வகுப்பில் முடிக்கும் அளவுக்குப் பிடித்த படிப்பின் மேல் வேட்கை இருந்தால் அது நிஜமான வேட்கைதான். அதோடு கையில் ஒரு பட்டமும் இருக்கும். பிசிக்ஸ் கைவிட்டாலும் சோற்றுக்கு வழி இருக்கும். மகனுக்குக் கதவையும் திறந்துவிட்டார்; காலுக்குக் கீழே தரையையும் போட்டுவிட்டார்.

கேம்பிரிட்ஜில் பட்டத் தேர்வை டிரைபாஸ் என்பார்கள். 1930-ல் ஹோமி பாபா மெக்கானிக்கல் சயின்ஸ் டிரைபாஸில் முதல் வகுப்பில் தேறினார். அப்பாவும் வார்த்தை தவறவில்லை. 1932-ல் கணித டிரைபாஸிலும் முதல் வகுப்பு. அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் அதே பால் டிராக்.

இதிலே இன்னொரு வேடிக்கை உண்டு. டிராக்கின் முதல் பட்டமே எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்தான்! 1921-ல் பிரிஸ்டலில் அதை முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல், கணிதத்துக்கு மாறி, பிறகு கேம்பிரிட்ஜ் வந்தவர். 1933-ல் நோபல் பரிசு பெற்றார். கேவன்டிஷில் 1932-ல் முடுக்கிய துகள்களால் அணுக்கருவைப் பிளந்து காட்டிய இருவரில் ஒருவரான காக்கிராஃப்டும் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்தவர்தான். இரண்டு படிப்புக்கும் நடுவில் நாம் நினைக்கிற மாதிரி கோட்டைச் சுவர் எதுவும் இல்லை.

வானத்தில் ஒரு சரவெடி

பிறகு ஹோமி பாபா திரும்பிப் பார்க்கவே இல்லை. உதவித்தொகை பெற்று ஜூரிச்சில் பவுலியிடமும் ரோமில் ஃபெர்மியிடமும் போய் வேலை செய்தார். 1935-ல் டாக்டர் பட்டம். எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் ஒன்றையொன்று சிதறடிப்பதை அவர் கணக்கிட்டுக் காட்டினார். உலகப் பாடநூல்களில் அதற்கு இன்றும் பாபா சிதறல் என்றே பெயர். ஐரோப்பாவின் பெரிய துகள் மோதுகருவிகளில் மோதல் விகிதத்தை அளக்க இந்தச் சிதறலையே அளவுகோலாக வைத்தார்கள்.

1937-ல் ஹைட்லர் என்ற ஜெர்மானிய இயற்பியலாளருடன் சேர்ந்து வெளியிட்ட கொள்கை இன்னும் அழகானது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிரால் காற்று மண்டலத்தில் திடீரென்று துகள்கள் மழைபோலக் கொட்டுவது எப்படி? தீபாவளிச் சரவெடியை நினைத்துக்கொள்ளுங்கள். அதிவேக எலக்ட்ரான் ஒன்று அணுக்கருவின் பக்கத்தில் போகும்போது காமாக் கதிரை வெளியிடுகிறது. அந்தக் காமாக் கதிர் ஒரு எலக்ட்ரான், ஒரு பாசிட்ரான் என்று ஜோடியாக மாறுகிறது. அவை மறுபடியும் காமாக் கதிர் வெளியிடுகின்றன. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, சக்தி தீரும் வரை தொடர்கிறது. இதைக் கணக்காகப் போட்டுக் காட்டினார்கள் இருவரும்.

1939-ல் விடுமுறைக்கு இந்தியா வந்திருந்தபோது இரண்டாம் உலகப் போர் மூண்டது. இங்கேயே தங்கும்படி ஆயிற்று. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பணியில் சேர்ந்தார். அங்கே இயற்பியல் துறையில் இருந்தவர் நம்ம திருச்சி மண்ணில் பிறந்த சர் சி.வி. ராமன். பாபாவை லியோனார்டோ டாவின்சிக்கு இணையாகச் சொல்லி ராமன் பெருமைப்பட்டதுண்டு. காரணம், பாபா நல்ல ஓவியரும்கூட. 1941-ல், முப்பத்தொரு வயதில், லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

விட்டுவந்த இன்ஜினியரிங் திரும்பி வந்தது

இனிதான் கதையின் முக்கியமான பகுதி. பேப்பரும் பென்சிலுமாக வேலை செய்த இந்தக் கோட்பாட்டு இயற்பியலாளர் 1944 மார்ச்சில் தோராப்ஜி டாடா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார். அடிப்படை இயற்பியலுக்கு நாட்டில் ஒரு உயர் ஆய்வுப் பள்ளி வேண்டும், இன்னும் சில பத்தாண்டுகளில் அணுசக்தியால் மின்சாரம் எடுக்கும் காலம் வரும்போது இந்தியா நிபுணர்களைத் தேடி வெளிநாடு போகக் கூடாது என்று கேட்டார். ஹிரோஷிமாவுக்கு ஒரு வருஷத்துக்கும் முந்தைய கடிதம் அது! 1945-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பிறந்தது. 1948-ல் அணுசக்திக் கமிஷன், தலைவர் பாபா. 1954-ல் டிராம்பேயில் அணுசக்தி நிலையம்.

1956 ஆகஸ்ட் 4 அன்று அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது. உலையை வடிவமைத்துக் கட்டியது நம்மவர்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் தெரிந்த நீல ஒளியைக் கண்டு அப்சரா என்று பெயர் வைத்தவர் நேரு. 1960-ல் கனடா உதவியுடன் 40 மெகாவாட் சைரஸ் உலை வந்தது.

இந்த வேலைக்கெல்லாம் சமன்பாடு மட்டும் போதுமா? கான்கிரீட், குழாய், பம்பு, வெல்டிங், வால்வு, எலக்ட்ரானிக் கருவி என்று எல்லாம் வேண்டும். கருவிகளை வாங்கி வைப்பதைவிட இங்கேயே செய்து பழக வேண்டும் என்று பாபா பிடிவாதமாக இருந்தார். கேம்பிரிட்ஜில் மனமில்லாமல் படித்த மூன்று வருஷ இன்ஜினியரிங் இங்கே அவருக்குக் கை கொடுத்திருக்கும் என்றே நான் நம்புகிறேன். படித்தது எதுவும் வீண் போவதில்லை.

இதற்கு ஆதாரம் மாதிரி அவர் செய்த இன்னொரு காரியம் 1957-ல் தொடங்கிய டிராம்பே பயிற்சிப் பள்ளி. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி படித்தவர்களையும் இன்ஜினியரிங் படித்தவர்களையும் ஒரே இடத்தில் சேர்த்து, ஒரு வருஷம் பயிற்சி கொடுத்து, வேலையில் அமர்த்தினார். தான் இளமையில் இதுவா அதுவா என்று தவித்த கேள்விக்கு, அதிகாரம் கைக்கு வந்ததும் இதுவும் அதுவும் என்று பதில் எழுதிவிட்டார்.

நம்ம ஊருக்கு வந்த கதை

பாபா பிறந்த அதே 1909-ல்தான் நமக்கு அடுத்த மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடல் மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். அதில் இருப்பது தோரியம். யுரேனியம் குறைவு, தோரியம் ஏராளம் என்ற நம் நாட்டு நிலையைக் கணக்கில் வைத்துத்தான் 1954-ல் பாபா மூன்று கட்ட அணுசக்தித் திட்டத்தை முன்வைத்தார். முதலில் இயற்கை யுரேனியம், அதில் கிடைக்கும் புளுட்டோனியத்தால் அதிவேக ஈனுலை, முடிவில் தோரியம். நாம் கால் வைத்து விளையாடுகிற கடற்கரை மணல் ஒரு நாட்டின் திட்டத்துக்கே மூலப்பொருள் ஆயிற்று! அந்த மூன்றாம் கட்டம் இன்னும் கைக்கு எட்டவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கூடங்குளம் வந்தது வேறு வழியில். 1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் செய்த ஒப்பந்தப்படி அமைந்த ரஷ்ய உலைகள் அவை. தலா 1000 மெகாவாட் திறன். முதல் உலை 2013-ல் மின்சாரம் தந்தது. 2011, 2012-ல் இடிந்தகரை மக்கள் நடத்திய போராட்டத்தை நாம் எல்லோரும் அருகிலிருந்து பார்த்தவர்கள். அவர்களின் அச்சத்தை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. அந்த அச்சத்துக்கு நேர்மையாகப் பதில் சொல்லவும் பிசிக்ஸும் இன்ஜினியரிங்கும் நன்றாகத் தெரிந்த உள்ளூர்ப் பிள்ளைகள் வேண்டும் என்பது என் கருத்து.

மகேந்திரகிரிக்கு வருவோம். 1962-ல் பாபாவின் அணுசக்தித் துறையின் கீழ்தான் விக்ரம் சாராபாய் தலைமையில் விண்வெளி ஆய்வுக் குழு அமைந்தது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அங்கே ராக்கெட்டைப் பொருத்தும் வேலையில் இருந்த ஒரு இளைஞர் ராமேஸ்வரத்துக்காரர். அவர் பாபாவுக்கு நேர் எதிர்வழியில் வந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்த பிறகுதான் தனக்குரியது இன்ஜினியரிங் என்று உணர்ந்தார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேரப் பணமில்லை; சகோதரி தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2015-ல் நம்மை விட்டுப் பிரிந்த அப்துல் கலாம்தான்.

ஒருவர் இன்ஜினியரிங்கிலிருந்து பிசிக்ஸுக்குப் போனார். ஒருவர் பிசிக்ஸிலிருந்து இன்ஜினியரிங்குக்கு வந்தார். இருவர் பாதையும் தும்பாவில் வந்து சேர்ந்தது. தும்பாவில் விதைத்தது வளர்ந்து மகேந்திரகிரி வரை வந்தது. 2023-ல் சந்திரயான்-3ஐச் சுமந்து சென்ற ராக்கெட்டின் கிரையோஜெனிக் என்ஜின் ரகம் சோதிக்கப்பட்டது நம் மலையடிவாரத்தில்தான்.

முடிவு

1966 ஜனவரி 24 அன்று வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகமையின் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த பாபா, ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸ் மலையின் மோன்ட் பிளாங்க் சிகரத்தில் மோதி மறைந்தார். விமானத்தில் இருந்த 117 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பாபாவுக்கு வயது 56. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அடுத்த ஆண்டு டிராம்பே நிலையத்துக்கு பாபா அணு ஆராய்ச்சி மையம் என்று பெயர் சூட்டப்பட்டது.

அவர் பணக்கார வீட்டுப் பிள்ளை, கேம்பிரிட்ஜில் ஐந்து வருஷம் படிக்க அப்பா பணம் கொடுத்தார், நமக்கு முடியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பணத்தில் நாம் அவர்களோடு போட்டி போட முடியாது. ஆனால் அந்த அப்பா கொடுத்ததில் பெரியது பணம் அல்ல. மகன் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். உழைப்பைப் பதிலுக்குக் கேட்டார். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். இந்த மூன்றுக்கும் காசு செலவில்லை.

தம்பி தங்கைகளே! இன்று வழிகள் கூடுதல். பி.எஸ்ஸி. முடித்தவர்கள் தகுதியிருந்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி. படிக்கலாம். பி.இ. படித்தவர்களும் பாபா தொடங்கிய டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் இயற்பியல் ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். அவருடைய பயிற்சிப் பள்ளி இன்றும் இரு தரப்பாரையும் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே பதினேழு வயதில் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டோமோ என்று ராத்தூக்கம் கெட வேண்டாம். எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறீர்களோ அதை முதலில் நன்றாக முடியுங்கள். உங்கள் மனம் எங்கே ஓடுகிறது என்பதை, பயப்படாமல், வீட்டில் சொல்லுங்கள்.

பெற்றோராகிவிட்ட என் பழைய வகுப்புத் தோழர்களே! உங்கள் பிள்ளையும் ஒரு நாள் அப்படி ஒரு கடிதம் எழுதலாம். இந்தக் காலத்தில் அது ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவும் வரலாம். உடனே திட்டாதீர்கள், உடனே தலையாட்டவும் செய்யாதீர்கள். ஜஹாங்கிர் பாபாவை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் மாணவச் செல்வங்கள்!

– முன்னாள் மாணவர், இயற்பியல் துறை